பல்லு போச்சு, பாலம் நின்னுச்சு

தலைமை நாற்காலியில உக்காந்துக்கிட்டு, இவன் எப்ப முடிப்பான்னு இப்பவே கடிகாரத்தைப் பாக்குற எங்க ஊர்த் தலைவர் மிர்ஸோகலோன் ஐயா அவர்களே! முன் வரிசையில முகம் மலர வீற்றிருக்கும் வெள்ளைத்தாடி வேந்தர்களே! விடியறதுக்கு முன்னாடியே தந்தூர் அடுப்புல கையை விட்டு இந்த ஊரையே மணக்க வச்ச தாய்மார்களே! அக்கரையில இருந்து வந்திருக்கும் சொந்தங்களே, இக்கரையில இருந்துக்கிட்டே லேட்டா வந்த சோம்பேறிகளே! காலையில ஹெலிகாப்டர்ல வந்து இறங்கி எங்க கோழியை எல்லாம் மலையேற வச்ச நம்ம விமானப்படையின் வீரச் சகோதரர்களே! அதே ஹெலிகாப்டர்ல இருந்து கடைசியா, மெதுவா, வெட்கப்பட்டுக்கிட்டே இறங்கின எங்க சாவ்லத் ஐயா அவர்களே! உங்க எல்லாருக்கும் சாரிபுல் ஊரோட நவ்ரூஸ் புத்தாண்டு வணக்கம்!

என்னைத் தெரியும் உங்களுக்கு. குஷ்வக்த். விமானப் பள்ளியில சேர்ந்து பாதியில ஓடி வந்த பய. யாரோ பின்னாடி "ஓடி வரலை, துரத்திவிட்டாங்க"ன்னு கத்துறான். சரிப்பா, துரத்தினாங்க, நான் ஓடினேன். ரெண்டும் ஒண்ணாத்தான் நடந்துச்சு!

நம்ம விமானப்படை எப்படிப் பொறந்துச்சு தெரியுமா? நாம எல்லாம் சேர்ந்திருந்த பெரிய நாடு உடைஞ்சப்ப அக்கம்பக்கத்து நாட்டுக்கெல்லாம் விமானம் பங்கு போச்சு. சீறுற விமானம், சுமக்குற விமானம்னு எடுத்துக்கிட்டுப் போனாங்க. நம்ம தஜிக் நாட்டுக்கு என்ன வந்துச்சு? வானம் வந்துச்சு! வெறும் வானம்! மேகம் இருந்துச்சு, மலை இருந்துச்சு, பறக்க ஒரு தகரம் இல்லை! அப்புறம் அங்க இங்க அலைஞ்சு, கேட்டு, கெஞ்சி, கொஞ்சம் ஹெலிகாப்டர் சேர்த்தாங்க. மி-இருபத்திநாலு, ஒல்லி உடம்பு, கோர மூஞ்சி, அதுக்கு 'முதலை'ன்னு பேரு. மி-எட்டு, தொப்பை போட்ட சம்பந்தி மாதிரி. மாவு மூட்டையும் சுமக்கும், ஆட்டையும் சுமக்கும், ஆளையும் சுமக்கும். எனக்கு முதலையைப் பாத்தா பயம். சம்பந்தியைப் பாத்தா சந்தோஷம்!

ஆனா பொறந்த வீட்டுலயே தீ. அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். உள்நாட்டுப் போர். அந்தச் சம்பந்தியோட ரெண்டு விலாவுலயும் ராக்கெட் குழாயைக் கட்டினாங்க. மாவு போட வேண்டிய வண்டி நெருப்பு போட்டுச்சு. இதை நான் மறைக்க மாட்டேன், படைக்காரங்க முன்னாடி உக்காந்திருந்தாலும் மறைக்க மாட்டேன். நம்ம ஊருக்கு அமைஞ்ச அதிர்ஷ்டம் எத்தனையோ ஊருக்கு அமையலை. அவங்களை நினைச்சு ஒரு நொடி தலை குனிவோம்.

...நன்றி. நிமிருங்க. இப்ப சிரிக்கிற கதை.

தொண்ணூத்தாறாம் வருஷம், வசந்த காலம். இதே மைதானம். அதோ தெரியுதே, அதே பாலம். அரசாங்கப் படைக்கு ஒரு உத்தரவு: மலையில இருக்கிற எதிர்ப்படைக்காரங்க அந்தப் பாலம் வழியா வந்துருவாங்க, அதை உடை! மேல இருக்கிறவங்களுக்கு அது வரைபடத்துல ஒரு கோடு. நமக்கு என்ன? மாவு மில் அக்கரையில, மருத்துவச்சி இக்கரையில! எங்க ஸுலைஹோ பெரியம்மா இக்கரையில. அவங்க தங்கச்சி அக்கரையில, நிறை மாசம், இன்னிக்கோ நாளைக்கோன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. அந்த வயித்துக்குள்ள யார் இருந்தாங்கன்னு கேக்காதீங்க. அப்பவும் அமைதியா இருக்கலை, இப்பவும் மைக்கைப் பிடிச்சுக் கத்திக்கிட்டு இருக்கு!

உத்தரவோட ஒரு மி-எட்டு வந்துச்சு. உள்ள ரெண்டு பேர். ஓட்டுறவர் கேப்டன் ஒதினா, பெருஞ்சாப்பாட்டு ராமன். கூட இன்ஜினியர் சாவ்லத், வலது கன்னம் வீங்கி, துணியால தாடையைக் கட்டிக்கிட்டு. பல்வலி! பாலம் கண்ணுக்குத் தெரியுற நேரத்துல எண்ணெய் குறையுதுன்னு எச்சரிக்கை விளக்கு எரிஞ்சுச்சு. குழாய்ல ஒழுகல். இறக்கிட்டாங்க, இங்கயே, இந்த மேடை நிக்கிற இடத்துலயே.

ஊர் ஓடி வந்துச்சு. வேட்டைத் துப்பாக்கியோடவா? அதுவும் இருந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி என்ன வந்துச்சு? விரிப்பு! விரிப்பை விரிச்சு, ரொட்டி வச்சு, உப்பு வச்சு, டீ ஊத்தி, அப்புறம்தானே நம்ம ஊர்ல "நீ யாரு"ன்னே கேப்போம்? பசியில வந்த கேப்டன் யோசிக்கலை. சூட்டு ரொட்டியைப் பிச்சார், உப்புல தொட்டார், தின்னார். இன்னொண்ணு தின்னார். ஒரு கிண்ணம் ஷுர்போ, அதான் ஆட்டுக்கறி சூப்பு, குடிச்சார். பாலேடு தடவி இன்னும் ஒரு ரொட்டி. அப்புறம் கை அந்தரத்துல நின்னுச்சு. மூஞ்சி வெளுத்துச்சு. தின்னது யார் வீட்டு ரொட்டின்னு அப்பத்தான் உறைச்சுச்சு!

தின்ன வீட்டு மேல கை ஓங்குவோமா நாம? எந்தத் தாய் வயித்துல பொறந்தவன் ஓங்குவான்?

அந்த நேரம் ரேடியோ கத்துச்சு. உத்தரவு போட்ட கர்னல். ஊரே கேட்டுச்சு.

"ஒதினா! பாலம் என்னாச்சு?"

"இருக்குங்கய்யா."

"ஏன்யா இருக்கு?"

"சாப்பிட்டுட்டேங்கய்யா."

"பாலத்தையா?"

"ரொட்டியைங்கய்யா. அந்த ஊர் ரொட்டி. உப்போட."

கர்னலும் தஜிக் தாயோட பிள்ளைதானே!

"எவ்வளவு தின்ன?"

"சொல்ல வெக்கமா இருக்குங்கய்யா."

"அடப்பாவி! உன்னை அனுப்பினேன் பாரு!" கொஞ்ச நேரம் கர்ர்னு இரைச்சல். அப்புறம் குரல் தந்திரமா வந்துச்சு. "சரி. இன்ஜினியர் தின்னானா?"

கேப்டன் பொய் சொல்லியிருக்கலாம். ரொட்டி இன்னும் கையில இருக்கே, எப்படிச் சொல்லுவார்? "இல்லைங்கய்யா. அவனுக்குப் பல்வலி."

"அப்ப நீ ஓட்டு. அவன் பட்டனை அமுக்கட்டும். ஒழுகலை அடைச்சதும் கிளம்புங்க!"

ஊர் மொத்தமும் திரும்பி சாவ்லத்தைப் பாத்துச்சு. ஒரு பாலம், ஒரு ஊர், ஒரு பிரசவம், எல்லாம் அந்த ஒரு வீங்கின கன்னத்துல தொங்குச்சு!

அப்புறம் நடந்ததுதான் கூத்து. ஒருத்தி பால்ல ஊறவச்ச ரொட்டியோட ஓடி வந்தா. ஒருத்தி ஏட்டுல குழைச்சுக்கிட்டு வந்தா. பாவம், அவருக்கு வாயே திறக்கலை. "ரெண்டு பேர் பிடிங்க, திணிச்சிருவோம்"னு ஒருத்தன் கத்தினான். ஸுலைஹோ பெரியம்மா கரண்டியாலயே அவன் முதுகுல ஒண்ணு வச்சாங்க. "திணிச்சா அது விருந்தாடா? அது வாத்துக்குத் தீனி! அவரா கையில எடுத்து, அவரா கடிக்கணும். இல்லைன்னா கணக்கில்லை."

அப்பத்தான் கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்தார் நம்ம ஆட்டு டாக்டர் ஹிக்மத். கையில குறடு.

"தம்பி, ஒரே இழுப்பு. என் ஆடு எதுவும் இதுவரைக்கும் குறை சொன்னதில்லை."

"ஆடு எப்படிய்யா குறை சொல்லும்!" தாடைத்துணிக்குள்ள இருந்து சாவ்லத் பேசின முதல் வார்த்தை அதுதான்!

எடுத்தார் ஓட்டம். குண்டு மழையில பறந்த மனுஷன், குறடைக் கண்டு ஹெலிகாப்டரைச் சுத்திச் சுத்தி ஓடுறார். பின்னாடி ஹிக்மத், அவர் பின்னாடி கிண்ணத்தோட அத்தனை பொம்பளைங்களும். சாவ்லத் ஐயா, சிரிக்காதீங்க, நீங்கதானே ஓடினீங்க!

பெரியம்மா மட்டும் ஓடலை. ஒரே இடத்துல நின்னாங்க. அவர் சுத்தி வந்தப்ப மெதுவாச் சொன்னாங்க.

"தம்பி, உங்களைத் திட்டலை. உத்தரவு மீறினா உங்க கதி என்னன்னு எனக்குத் தெரியும். என் தங்கச்சி அக்கரையில நோவுல கிடக்கா. மருத்துவச்சி இங்க நிக்கிறா. அவ பாலத்தைத் தாண்டட்டும். அதுவரைக்குமாவது ஒழுகல் அடைக்காம இருக்க முடியுமா?"

சாவ்லத் நின்னார். பாலத்தைப் பாத்தார். ராக்கெட் குழாயைப் பாத்தார். குறடையும் பாத்தார். மருத்துவச்சி தாண்டுற வரைக்கும் காத்திருந்துட்டு, அப்புறம் உடைச்சிருக்கலாம். உத்தரவும் நிறைவேறும், பாவமும் பாதிதான். எத்தனை பேர் அப்படிப் பாதிப் பாவத்தோட தப்பிச்சுக்கிட்டாங்க அந்தப் போர்ல! ஆனா இவர் என்ன செஞ்சார்? குண்டுப் பெட்டி மேல உக்காந்தார். தாடைத்துணியை அவிழ்த்தார். "அவங்களைத் தாண்டச் சொல்லுங்க. ஹிக்மத் அண்ணே, இழுங்க"ன்னார்.

இழுத்தார். ஐயா போட்ட சத்தத்துல அக்கரை ஆடெல்லாம் எந்திரிச்சுச்சு! அடுத்த நிமிஷம், உப்புத் தண்ணியில வாயைக் கொப்பளிச்சுட்டு, தானே கையை நீட்டி, சூட்டு ரொட்டியை எடுத்து, ரத்தம் கசியக் கசிய ஒரு கடி. ஒரே ஒரு கடி!

ரேடியோ மறுபடியும். "சாவ்லத் ரெடியா?"

"அவனும் சாப்பிட்டுட்டானுங்கய்யா."

"பல்வலின்ன?"

"பல்லையே பிடுங்கிட்டாங்கய்யா."

கர்னல் பெருமூச்சு விட்டது இங்க வரைக்கும் கேட்டுச்சு. "அந்த ரொட்டி... எள்ளு தூவினதா?"

"தூவினதுங்கய்யா. இன்னும் சூடா இருக்கு."

"எனக்கு ரெண்டு எடுத்துட்டு வா."

புரியுதா சொந்தங்களே? அந்த ரொட்டியை அவரும் தின்னா, அவர் கையும் கட்டுப்பட்டுச்சு! தெரிஞ்சே கேட்டார் அந்த மனுஷன்! எங்கயும் எழுதாத ஒரு சமாதானம், எள்ளு தூவி, துணியில சுத்தி, அந்த ஹெலிகாப்டர்ல ஏறிப் போச்சு!

பாலம் நின்னுச்சு. நான் பொறந்தேன். கை தட்டுறது எதுக்கு? பாலத்துக்கா எனக்கா? பாலத்துக்கா... சரி, இருக்கட்டும்.

ஊரை விட்டுப் போறவங்க கடிச்ச ரொட்டியை நாம என்ன செய்வோம்? மாட்டி வைப்போம், அவங்களே வந்து மீதியைத் தின்னுற வரைக்கும். பெரியம்மா மாட்டி வச்சாங்க. அமைதி ஒப்பந்தம் போட்டாங்க, சாவ்லத் வரலை. அடுத்த தேசத்துக்குக் கூலி வேலைக்குப் போயிட்டார்னு சேதி வந்துச்சு, ஆள் வரலை. நம்ம படைக்குப் பயிற்சி ஜெட் வந்துச்சு, புது ஓடுபாதை வந்துச்சு, அவர் வரலை. அக்கரைக்காரங்க கிண்டல் பண்ணினாங்க, "அது எலி கடிச்ச ரொட்டி, கதை விடுறாங்க"ன்னு.

இதோ, சிவப்புத் துணி. இதோ, ரொட்டி. எல்லாரும் பாருங்க. கடி இங்க, நடுவுல கடிபடாம நிக்கிற துண்டு இங்க. எந்த எலிக்குடா ஒரு பல்லு மட்டும் இல்லை? ஐயா, வாயைத் திறங்க. பாத்தீங்களா? அதே இடத்துல தங்கப் பல்லு மின்னுது! அக்கரையில இப்ப ஏன் சத்தமே காணோம்?

சாவ்லத் ஐயா, ஒப்பந்தத்துல பெரியவங்க கையெழுத்துப் போட்டு வருஷக்கணக்காச்சு. ஆனா எங்க ஊர் கணக்கு வேற. போன ஆள் திரும்பி வந்து, மிச்சத்தைத் தின்னாத்தான் பயணம் முடிஞ்சதுன்னு அர்த்தம். பெரியம்மா டீ ஊத்தி வச்சிருக்காங்க. கல்லாட்டம் இருக்கும், ஊறவச்சுக்கங்க. என்ன, ஊற வேண்டாமா? அப்படியேவா?

கேட்டுச்சா? மைக்கை இன்னும் கிட்ட வைங்கப்பா. கேட்டுச்சா அந்தச் சத்தம், கடக்குன்னு? சாரிபுல்ல போர் முடிஞ்ச சத்தம் அது!

பொறுமையா உக்காந்திருந்த உங்களுக்கெல்லாம் நன்றி. ரொட்டி ஆறுறதுக்குள்ள எல்லாரும் விரிப்புக்கு வாங்க, யாரு என்னன்னு அப்புறம் விசாரிச்சுக்கலாம். நவ்ரூஸ் வாழ்த்துகள்!