கோவித்துக்கொண்டு போன வேட்டி

திண்டுக்கல்லிலிருந்து அகரம் போகும் பஸ் இன்னும் புறப்படவில்லை. எனக்கு முன் சீட்டில், காலிப் பூக்கூடையை மடியில் வைத்திருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“அந்த வேட்டி கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டே போயிருச்சுக்கா!”

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அதில் இப்படி ஒரு செய்தி இல்லை.

“எந்த வேட்டிடி?”

“டூரிங் கொட்டகையில பெரிய படத்துக்கு முன்னாடி பொம்மைப் படம் ஒண்ணு போட்டாங்க. துரை கணக்கா பேண்ட்டு மாட்டுன ஒருத்தன், பந்தியில சம்மணம் போட முடியாம நிக்கிறான். கொடியில கெடந்த அவன் வேட்டி பாத்துச்சு. இனி எனக்கு இங்க என்ன வேலைன்னு எறங்கி, ரோட்டோட நடக்குது!”

“அடி ஆத்தி! பெறகு திரும்பி வந்துச்சா?”

“எங்க வந்துச்சு! நம்ம பழக்கமெல்லாம் இப்படித்தான் போயிருமாம். அம்புட்டுத்தான் படம். கொட்டகையே சிரிக்குது, எங்க வீட்டுக்காரரு மட்டும் கட்டியிருந்த வேட்டியத் தடவிக் குடுக்குறாரு. தம்பி கல்யாணத்துக்குன்னு அவரும் பேண்ட்டுத் தைக்கக் குடுத்திருந்தாரே! இப்ப டெய்லர் கடைக்கு அதை வாங்கத்தான் போயிருக்காரு.”

“வேணாம்னு சொல்லிர வேண்டியதுதான?”

“ஆசையாத் தைச்சதை விடுவாராக்கும்? ஆனா வேட்டிக்கும் மனசு நோகக் கூடாதாம். அந்தா வாராரு, நீயே பாரு.”

வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வேகமாக வந்தார். படியேறுவதற்காக வேட்டியைத் தூக்கி மடித்துக் கட்டினார். உள்ளே புத்தம்புது நீலப் பேண்ட்.

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணே, ஒரு டிக்கெட்டா, ரெண்டா?”