தகட்டின் முதுகு

சாப்பிட்ட கையைச் சரியாகக் கழுவாதவர்களை எனக்குப் பிடிக்காது, சார். அதற்காக என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள்.

மீனாட்சிபுரத்துப் பட்டறையில் பதினோரு வருடமாகத் தகட்டின் கடினத்தை அளப்பது நான்தான். எடையை ஏற்றினால் வைர முனை தகட்டில் இறங்கும், முள் ஓர் எண்ணைக் காட்டும். நர்மதா போன வருடம் வேலைக்கு வந்தாள். கருவாட்டுச் சோறு தின்றுவிட்டு அதே விரலால் மெஷினைத் தொடுவாள். எத்தனை துடைத்தாலும் வாடை போகாது. எனக்குக் குமட்டும்.

அடுப்புச் சூட்டில் ஏலக்காய் உலர்த்தும் அறைகளுக்குத் தாழ்ப்பாள் செய்கிறோம். கதவு மூடிக்கொண்டால் உள்ளே இருப்பவர் குமிழை அமுக்கித் திறக்கலாம். குமிழுக்குப் பின்னால் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஸ்பிரிங் தகடு. தகட்டில் கடினம் குறைந்தால் அது வளைந்தபடியே நின்றுவிடும், தாழ் திறக்காது.

ஆடியில் வந்த தகட்டை நர்மதா சின்ன எடையில் சோதித்து, கடினம் போதாது என்று ஒதுக்கினாள். அவள் விரல் பட்ட சோதனையை நான் ஏற்பதா? பெரிய எடையை ஏற்றினேன். நாற்பத்தாறு காட்டியது. வேண்டியது நாற்பத்தைந்துதான்.

அவள் தகட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"ஏனுங்கண்ணா, பின்னால பொடச்சிருக்குதுங்களே. அடியில இருக்கற மெஷின் இரும்பைத்தானுங்களே அளந்திருக்குது? இத அனுப்ப வேண்டாமுங்க."

"கைய எடு அம்மிணி. மொதல்ல போயி சோப்புப் போட்டுக் கழுவு."

அவள் சொன்னது சரி. மெல்லிய தகட்டுக்குப் பெரிய எடை ஆகாது என்று முதல் நாளே சொல்லித்தருவார்கள். அவள் கழுவப் போனதும் புடைப்பை அரத்தால் ராவிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணைக்கு வந்ததுமே, சாந்தன்பாறையில் மூக்கம்மாள் என்ற பெண் உலர்த்தும் அறைக்குள் மாட்டிக்கொண்டு செத்துப்போனதாகச் சொன்னீர்கள். படமும் காட்டினீர்கள். குமிழைச் சுற்றிக் கதவெல்லாம் நகக்கீறல், தோல்கூட ஒட்டியிருந்தது. சீ, மனிதனுக்குக் காட்டுகிற படமா அது.

அதே தகட்டில் செய்த தாழ்ப்பாள்கள் இன்னும் பதினெட்டு எஸ்டேட்டுகளின் உலர்த்தும் அறைகளில் இருக்கின்றன. காய் பறிக்கும் காலம், எல்லா இடத்திலும் அடுப்பு எரிகிறது. உங்கள் அவசரம் எனக்கும் புரிகிறது. தாழ்ப்பாள் எங்கெங்கே போனது என்ற பட்டியலைக் கிழித்துப் போட்டவன் நான்தான், ஆனால் பதினெட்டுப் பெயரும் எனக்கு மனப்பாடம். யாரும் சாகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் காகிதத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள், சார்: நர்மதாவின் சோதனை தவறு.