பூண்டு இல்லாத வீடு

ஹலோ... ஹலோ, கேக்குதா?... அக்காதான்டா. ஆஸ்பத்திரியிலேர்ந்து இப்பதான் வந்தோம்... இல்ல, மருந்து ஏத்தல. திருப்பி அனுப்பிட்டாங்க... ஏனா? அத உன்கிட்ட கேக்கத்தான் கூப்பிட்டேன். அப்பாவுக்கு என்னடா அனுப்பின?... சும்மா சத்து மாத்திரையா? செலினியம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு!... ம்... ம்... கேன்சருக்கு நல்லதுன்னு எவனோ எழுதினான், நீ படிச்ச. அவன் அப்பாவப் பாத்தானா?

கத்தல... சரி, கத்தறேன், அதுக்கென்ன இப்ப? வேலைய விட்டுட்டு உக்காந்து பாத்துக்கறது நானு. அவரு நகமெல்லாம் ஒடைஞ்சு ஒடைஞ்சு விழுது. மருந்தோட வேகம்னு நெனச்சேன். கிட்ட போனா வாயில பூண்டு நாத்தம். வீட்டுல பூண்டே கிடையாதுடா! அவருக்குக் கொமட்டுதுன்னு எப்பவோ நிறுத்தியாச்சு. எங்க போய்த் திருட்டுத்தனமா சாப்பிடறீங்கன்னு அவரோட சண்டையே போட்டேன். இன்னிக்கு டாக்டருக்கு அந்த நாத்தம் அடிச்சதும் கேட்டாரு, வேற என்ன மாத்திரை போடறீங்கன்னு. சின்னப்புள்ள மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

ஆமா... ஆமா, ஒடம்புக்கு வேணுந்தான். யாரு இல்லேன்னா? துளியூண்டு வேணும். அது சாப்பாட்டுலயே வந்துடும். மேல போனா வெஷம், நகம் ஒடையறதும் பூண்டு நாத்தமும் அதாலதானாம்... ரத்தத்துல எக்கச்சக்கமா ஏறியிருக்காம். அது எறங்கினாத்தான் அடுத்த மருந்து. அதுவரைக்கும் கட்டி கையக் கட்டிக்கிட்டு நிக்குமா? சொல்லுடா!

...தெனம் ஒண்ணுதான் சொன்னியா? பின்ன எப்படி டப்பா அதுக்குள்ள அடிமட்டத்துக்கு வந்துச்சு?... என்னது?... அவரேவா? அவரே ஃபோன் பண்ணி இன்னும் அனுப்புன்னு கேட்டாரா?... எங்கிட்ட சொல்லாதேன்னாரா?... ஏன்?

...

இரு. மறுபடி சொல்லு... "நான் சீக்கிரம் தேறி எழுந்தாத்தான் அவ மறுபடி வேலைக்குப் போவா"... அப்படியா சொன்னாரு?

...அதுக்காகவா அள்ளி அள்ளி முழுங்கினாரு?... ஐயோ, நான் அவரப் போய்த் திருட்டுத்தனம்னு... அழாதடா. நீயும் அழுதா நான் யாருகிட்ட கத்துவேன்?

...ரெண்டு டப்பாவா? ரெண்டா அனுப்பின? எங்கிட்ட ஒண்ணுதானே இருக்கு, இன்னொண்ணு எங்க?...

ஒரு நிமிஷம், எழுந்துட்டாரு போல... அப்பா, என்ன வேணும்? தண்ணியா?... இருட்டுல தலகாணிக்கு அடியில என்னப்பா தேடறீங்க?...

வைக்கிறேன்டா.