கூட்டை மட்டும் மாற்றித் தருவீர்களா?

திருத்தங்கல் மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள், கேப்சூல் வகைச் சத்து மாத்திரை டப்பா ஒன்றைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

“தம்பி, உள்ள இருக்கற மருந்து இருக்கட்டும். மேல்கூட்டை மட்டும் மாத்தித் தருவீகளா?”

“ஏம்மா?”

“கூடு மாட்டெலும்புல செய்யிறதாமே. நான் கவிச்சி தொடமாட்டேன்.”

கடைக்காரர் வேறொரு டப்பாவை எடுத்தார். “இதுவும் அதே சத்துதாம்மா. கூடு மரநார்ல செஞ்சது.”

“ஆனா அது மகன் துபாய்ல இருந்து அனுப்புனது இல்லையே.”

“அவர்ட்டச் சொன்னா மாத்தி அனுப்புவாரு.”

“அவனாத் தேடி வாங்கி அனுப்புனது இது ஒண்ணுதான் தம்பி. தப்புன்னு எப்பிடிச் சொல்ல?”

“அப்பக் கூட்டைப் பிரிச்சு, தூளைத் தண்ணில கலந்து குடிச்சிருங்க.”

“வீடியோல கூப்பிட்டு, முழுங்குறதைக் காட்டச் சொல்றான். அதுக்காகத்தான் தெனமும் கூப்பிடுறான். முன்னெல்லாம் தீபாவளி, பொங்கலுக்குத்தான் போன் வரும்.”

கடைசியில் அந்த அம்மாள் மரநார்க் கூட்டு மாத்திரையையே வாங்கினார். அதை மகன் அனுப்பிய டப்பாவில் நிரப்பித் தரச் சொன்னார். கடைக்காரர் இரண்டு மாத்திரைகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“நெறம் வேறயா இருக்கேம்மா. அவருக்குத் தெரிஞ்சிராதா?”

“தெரியாது தம்பி. அம்புட்டு உத்துப் பாக்கமாட்டான்.”