மணிக்கூண்டு அடங்கவில்லை

— மறுபடியும் மணிக்கூண்டு தாளுக்கு வெளியே போயிடுச்சுக்கா.

— தெரியுதுடா. எனக்கும் கண்ணு இருக்கு.

— இந்தக் கோர்ட்டு ரெண்டே மாடி. நீ வரையுறது ஆகாசத்துக்குப் போகுது.

— குடையை ஒழுங்கா பிடி. வெயில் பட்டா கலர் உடனே காஞ்சு கோடு விழுது. சட்டை தைக்கிறவனுக்குப் படத்தைப் பத்தி என்னடா தெரியும்?

— அளக்காம வெட்டினா துணி வீணாகும்னு தெரியும். உங்க கிளாஸ் மாஸ்டர் அதைச் சொல்லலையா?

— சொன்னார். கையை நீட்டி, பென்சிலை வச்சு அளக்கச் சொன்னார். இந்தக் கட்டடத்துக்கு எதுக்கு அளவு? எனக்கு மனப்பாடம்.

— அதான் கோளாறே... ஐயையோ, நீ பிரஷ்ஷை முக்குறது தண்ணி இல்லக்கா, என் டீ!

— சனியனே, டீயைக் கொண்டாந்து இங்கதான் வைப்பியா? போச்சு. சுவரெல்லாம் பழுப்பு.

— துடைக்காத, துடைக்காத! தள்ளிப் பிடிச்சுப் பாரு. நம்ம சின்ன வயசுல இந்த நிறம்தானே இருந்துச்சு? மியூசியம் ஆக்குறோம்னு இப்பத்தானே வெள்ளையடிச்சாங்க.

— அட ஆமாண்டா! மழைத்தண்ணி வழிஞ்ச கறை அப்படியே வந்துடுச்சு. காலையிலேர்ந்து மஞ்சளையும் காவியையும் கலக்கிக் கலக்கிப் பார்த்தேன், வரல. இரு, புதுத் தாள் எடுக்கிறேன். மிச்ச டீயைக் குடிச்சிடாத.

— குடிக்கல. முதல்ல பென்சிலை நீட்டு.

— நீட்டிட்டேன்பா. அகலம் இவ்வளவு. உயரம்... என்னடா, நான் வரைஞ்சதுல பாதிகூட இல்ல?

— நீ எங்க நாற்காலியில உட்கார்ந்து வரையுற? மனசால சின்னப் பிள்ளையா அந்தப் படிக்கட்டுல உட்கார்ந்துல்ல வரையுற. அன்னைக்கு நம்ம ரெண்டு பேரையும் அங்கதானே உட்கார வச்சாங்க.

— உனக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கா? பல்லு விழுற வயசுடா உனக்கு.

— அம்மா அந்தத் தூண்கிட்ட, அப்பா இந்தத் தூண்கிட்ட. மரத்தடியில டைப் அடிச்சவர் வீசின கார்பன் பேப்பரை எடுத்து நீ கப்பல் செஞ்சு கொடுத்த. கையெல்லாம் கறுப்பாயிடுச்சு. உன் கவுன்லதான் துடைச்சேன்.

— அம்மா என்னைத்தான் திட்டினா. அப்பா தூரத்துல இருந்து சிரிச்சார். அம்மாவுக்கும் லேசா சிரிப்பு வந்துச்சு, நான் பார்த்தேன். நாலு பேரும் ஒண்ணா இருந்த கடைசி நாள்டா அது. எனக்கு அந்தப் படிக்கட்டு அவ்வளவு பிடிக்கும்.

— வெயில் திரும்புது. குடையை இந்தப் பக்கம் மாத்திக்கிறேன்.

— குடையைக் கீழ வை. குடை பிடிக்கவா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்? அப்பா இருக்கிற வரைக்கும் கேட்க வேண்டாம்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப அவரும் போயிட்டார். ஜட்ஜ் உன்னைத் தனியா உள்ளே கூப்பிட்டாரே...

— ஆமா.

— எனக்கு அப்புறம்தான் உனக்கு. நான் அம்மாகூடன்னு சொல்லிட்டு வந்தேன். நீயும் அதையேதான் சொல்லுவேன்னு படியில உட்கார்ந்திருக்கேன். அப்புறம் அப்பாவையும் உள்ளே கூப்பிட்டாங்க. கதவைத் திறந்தா, நீ அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு வர்ற. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல.

— பார்த்திருந்தா அழுதிருப்பேன்கா.

— லீவுக்கு லீவு நீ வர்றப்பல்லாம் சிரிச்சேன், விளையாடினேன். உள்ளுக்குள்ள மட்டும் ஒண்ணு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. என்னை விட்டுட்டுப் போக உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?

— நான் எப்பக்கா போறேன்னு சொன்னேன்? அப்பாகூட அனுப்பினது ஜட்ஜ்தான்.

— பின்ன, அவர் கேட்டப்ப என்னதான் சொன்ன?

— "அப்பாகூட இருக்கியா, அம்மாகூட இருக்கியா"ன்னு கேட்டார். மேஜைமேல உட்கார வச்சு, மிட்டாய் கொடுத்து, மறுபடியும் கேட்டார். எப்படி மாத்திக் கேட்டாலும் நான் "அக்காகூட"ன்னுதான் சொன்னேன்.