அம்மாக்கண்ணு நம்பர்

ஹலோ... ஹலோ, சோலைமலை அண்ணனா?... நான் நிரூபா டீச்சர். கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ளக் காம்பராவுல, சாயந்தரம் கம்பியூட்டர் கிளாஸ் எடுக்குறேன்ல... ஆமா, ஆமா, ஒங்க மக நிலக்ஷி விசயமாத்தான்... மெதுவாப் பேசுங்கண்ணே, நல்லாக் கேக்குது.

தெரியும். இனிமே மகள அனுப்பமாட்டேன்னு சொல்லி விட்டீங்க... இந்த வாரத்துல நீங்க மூணாவது அப்பா. எனக்கும் அலுத்துப் போச்சு.

...

இல்ல, திருட்டு வேல கத்துக்குடுக்கல. வீட்ல கேட்டுட்டு, வீட்டு ஃபோனோட பூட்டு நம்பரு லேசா, கெட்டியான்னு பாத்துட்டு வாங்கன்னேன். அவ்வளவுதான்... கங்காணியார் ஃபோனா? அது அவ கேட்டு வாங்கினதா? தேயிலக் கொழுந்து நிறுக்குற எடத்துல, அத்தன பேர் முன்னால, "என்னோடத தெற பாப்போம்"னு நீட்டினது ஆண்டியப்பன் கங்காணி தானே?... ஆமா... ரெண்டாந்தரமே தெறந்துட்டா. அதுக்குப் புள்ள என்ன செய்யும்?

...

மந்திரமெல்லாம் இல்லண்ணே. இந்தத் தோட்டத்துல பாதிப்பேர் ஃபோனுக்கு செக்ரோல் நம்பரத்தான், பேர் பதியிற புத்தகத்துல இருக்குற வேலயாள் நம்பரத்தான், போட்டு வச்சிருக்காங்க. முன்னால ஒரு பூச்சியம் சேத்து. நிறுக்கயில தெனமும் சத்தம் போட்டுக் கூப்புடுற நம்பரு... கங்காணி அவரு சம்சாரத்தோட நம்பரப் போட்டிருந்தாரு. ஒரு புள்ள தெறந்தா வெளிய ஒருத்தன் தெறக்க மாட்டானா?

சரி... சரி... அவர் மூஞ்சில முழிக்க முடியல, புரியுது. ஆனா சனிக்கெழம அட்டன் டவுன்ல கம்பியூட்டர் போட்டி. நாங்க அனுப்புற ஒரே ஆளு அவதான். பாரத்துல ஒங்க கையெழுத்து இல்லாட்டி உள்ள விடமாட்டாங்க... கெஞ்சுறேன்னே வச்சுக்கங்க.

...

என்னோடதா? என் ஃபோனு பூட்டு நம்பரு எதுக்கு இப்ப... சொல்லுங்க பாப்போம்.

...

அண்ணே.

...

ஆமா. அதேதான். பூச்சியம் இருநூத்திப் பதினாறு. எங்கம்மா நம்பரு... எப்படிக் கண்டுபுடிச்சீங்க?... மறந்துட்டேன், நீங்க தானே அப்ப தராசு புடிச்சீங்க. "அம்மாக்கண்ணு, எரநூத்திப் பதினாறு"ன்னு... ம்... நாலு வருசமாச்சு அம்மா போயி. மாத்த மனசு வரல. ஊருக்கெல்லாம் சொல்றேன், என்னோடத மாத்தல. வெக்கமாத்தான் இருக்கு.

...

சிரிங்க, பரவாயில்ல. ஆனா ஒண்ணு கேக்குறேன். இப்ப நீங்க செஞ்சது என்ன? ஒங்க மக செஞ்சதத்தான். நீங்க திருடனா?

...

அப்ப அனுப்புறீங்களா?... பஸ்ஸு எத்தன மணிக்கா?

...

ஆறரை பஸ்ஸு. மலைய விட்டு எறங்க நேரமாகும், அஞ்சரைக்கே கெளம்பணும்... நீங்களே கூட்டிட்டு வாறீங்களா?... சரிண்ணே. பாரத்துல மறக்காம கையெழுத்துப் போடுங்க.

...

ஒங்க நம்பர மாத்தணுமா? புது நம்பர எங்கிட்ட சொல்லாதீங்க, ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீங்க. எப்படி மாத்துறதுன்னு வீட்ல ஆள் இருக்குல்ல, அவகிட்ட கேளுங்க... ஆமா, இப்பவே கூப்புடுங்க.

இல்லண்ணே, அழல. பனிக்குத் தடுமன், மூக்கு ஒழுகுது... மாத்திடுறேன். இன்னைக்கே மாத்திடுறேன்.

வச்சிடுறேன்.