மேல் நட்டு, கீழ் நட்டு

— ஸ்பேனர் வழுக்குது வைஷு. மறுபடி வழுக்குது.

— அண்ணே, அரை மணி நேரமா இதையேதான் சொல்ற. மணி ஒண்ணே கால். வண்டிக்கு அடியிலேருந்து வெளிய வந்து சொல்லு. என்ன ஆச்சு?

— ஒண்ணுமில்ல லா. கியர்பாக்ஸ் ஆயில் மாத்தியாச்சு. முன்சக்கர அச்சுக்கு மாத்தியாச்சு. பின்சக்கர அச்சு, பின்னச்சு மட்டும்தான் பாக்கி. பழைய ஆயிலைக் கொட்டிட்டேன். புதுசு ஊத்தணும்னா மேல இருக்கிற நட்டைத் திறக்கணும். அது வர மாட்டேங்குது.

— கொட்டிட்டியா? மேல் நட்டு திறக்குதான்னு பாக்காமலே கீழ் நட்டைக் கழட்டிட்டியா?

— மத்த ரெண்டும் ஈஸியா வந்துச்சு. இதுவும் வந்துரும்னு நெனச்சேன்.

— அப்பா முப்பது வருஷமா உன்கிட்ட கத்தினது இந்த ஒரே விஷயம்தான்! ஊத்துற வழி திறக்குதான்னு பாத்துட்டுக் கொட்டுடா, ஊத்துற வழி திறக்குதான்னு பாத்துட்டுக் கொட்டுடான்னு. ஸ்பேனரைத் தொட்டே பாக்காத எனக்கே மனப்பாடம்.

— பாப்பா! கெளம்பலயா? ஜாம் ஆயிரும்.

— இதோ கெளம்பிட்டோம்பா. முன் சீட்லயே உக்காந்திருங்க. பெல்ட்டைக் கழட்டாதீங்க.

— கூக்கூப்தானே போறோம்?

— கூக்கூப்தான்பா. எறால் சாப்பிட.

— எறாலா. சரி சரி. ரஞ்சன் எங்க?

— உங்க வண்டிக்கு அடியில படுத்திருக்கான்பா.

— அவசரக்காரப் பய.

— வைஷு, மெதுவா பேசு. கண்ணாடியெல்லாம் இறக்கித்தான இருக்கு, அவருக்குக் கேக்கும்.

— கேட்டா மட்டும் என்ன? புரியவா போகுது? காலையில என்னைப் பாத்து, நீ எந்த பிளாக்குப் பொண்ணுன்னு கேட்டாரு.

— டாக்டர்தான் சொன்னாரே, சில நேரம் தெளிவா இருப்பாருன்னு.

— நீ வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் தெளிவாத்தான் இருப்பாரு. மத்த நேரம் என்கூடத்தான இருக்காரு. சரி, இப்ப என்ன வழி? கூக்கூப்னு சொல்லி அவரை ஏத்தியாச்சு, நாலு மணிக்குள்ள ஸ்கூடாய்ல அந்த முதியோர் ஹோமுக்குப் போயாகணும். நாலு மணிக்கு மேல அப்பாவுக்கு வச்சிருக்கிற படுக்கையை வேற யாருக்காவது குடுத்துருவோம்னு ஹோம்ல தெளிவா சொல்லிட்டாங்க.

— தெரியும்லா.

— தெரிஞ்சா இப்படிப் பண்ணுவியா? அப்படியே மெதுவா ஓட்டிட்டுப் போயிரலாம்ல?

— பின்னச்சுல ஒரு சொட்டு ஆயில் கிடையாது. எல்லையில காஸ்வே பாலத்தைத் தாண்டுறதுக்குள்ள உள்ள பல்சக்கரம் எல்லாம் அரைஞ்சு பின்சக்கரம் லாக் ஆயிரும். சனிக்கிழமை ஜாம்ல, பாலத்து நடுவுல, அப்பாவை வச்சுக்கிட்டு. வேணுமா?

— டாக்ஸி?

— நீயே சொல்லு.

— ஏற மாட்டாரு. போன மாசம் ஆம்புலன்ஸ்ல ஏத்தப் போய் கதவைப் பிடிச்சுக்கிட்டு மூணு பேரைத் தள்ளி விட்டாரு. இந்த வண்டியைத் தவிர வேற எதுலயும் ஏற மாட்டாரு.

— அதனாலதான இந்த வண்டியில கூட்டிட்டுப் போறோம். நட்டு மூலையெல்லாம் தேஞ்சு வட்டமா கிடக்கு வைஷு. போன தடவை வொர்க்ஷாப்ல எவனோ தப்பான ஸ்பேனர் போட்டுக் கெடுத்து வச்சிருக்கான். பைப் ரெஞ்சு போட்டேன். உளி வச்சு அடிச்சேன். கையைத்தான் கிழிச்சுது.

— யாராவது இல்லையா? மெக்கானிக் அன்வர்?

— பேசிட்டேன். புது நட்டை அது மேல வெல்டிங் பண்ணித்தான் திருகி எடுக்கணுமாம். வேலை முடிச்சு மெஷினோட வர ஆறு மணி ஆகும்னான். அதுவும் இந்த மார்சிலிங் கார்பார்க்ல வச்சு வெல்டிங்கா? ஆயில் மாத்துறதே இங்க கூடாது. எவனாவது போட்டோ எடுத்து அனுப்பினா நம்ம கதை முடிஞ்சுது.

— அண்ணே, உண்மையைச் சொல்லு. வேணும்னே பண்ணினியா?

— என்ன பேசுற நீ?

— அப்பாவை ஹோம்ல விட உனக்கு ஆரம்பத்திலேருந்தே இஷ்டமில்ல. சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க, பெத்தவரை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டானேன்னு சொல்வாங்க. எவ்வளவு பேச்சு! இன்னிக்கு வண்டி எடுக்கிற நேரத்துல உனக்கு ஆயில் மாத்துற ஞாபகம் வருது.

— எனக்கா வந்துச்சு? அவருதான் ரெண்டு நாளா போன் மேல போன். தூரம் போற வண்டிடா, ஆயில் மாத்தாம எடுக்காதடான்னு. நேத்து ராத்திரி நீதான் சொன்ன, மாத்தித் தொலை, இல்லன்னா வண்டியில ஏற மாட்டேன்னு அடம் பிடிக்கிறாருன்னு.

— சொன்னேன். மூணு மணி வரைக்கும் தூங்க விடல. சொல்லாம என்ன பண்றது?

— அப்புறம் என்னைக் குத்தம் சொல்ற.

— வேற யாரைச் சொல்ல? எனக்கு வேற யாரு இருக்கா? ஆறு வருஷம்ணே. சாங்கி ஏர்போர்ட் கார்கோ வேலையை விட்டு ஆறு வருஷம். பாத்ரூம் கதவைச் சாத்தினா, பாப்பா பாப்பான்னு கதவைத் தட்டுறாரு. வீட்டுச் சாவியை என் கழுத்துல மாட்டிக்கிட்டுத் தூங்குறேன். வியாழக்கிழமை அரை மணி நேரம் அசந்துட்டேன். சாவியைக் கழட்டி, கதவைத் திறந்து, கீழ வந்துட்டாரு. இந்த வண்டிகிட்டதான் நின்னாரு. கை, பனியன், தலைமுடி எல்லாம் கிரீஸ். குளிப்பாட்டி விட ஒரு மணி நேரம் ஆச்சு.

— நீ சொல்லவே இல்ல.

— சொன்னா? செங்காங்ல உன் வீட்டுலேருந்து ஓடி வந்து தேச்சு விடப் போறியா? திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்குப் பழைய இடத்துலயே திரும்ப வேலை. நாப்பத்தி ரெண்டு வயசுல இன்னொரு தடவை கூப்பிட மாட்டாங்க. எனக்கு மூச்சு முட்டுதுண்ணே. அவர் மேல பாசம் இல்லாம இல்ல. மூச்சுதான் முட்டுது.

— சரி, அழாத. ஹோமுக்குப் போன் போடு. நாளைக்குக் காலையில வரோம்னு கேளு.

— ஹலோ, சிஸ்டர்? செல்லக்கண்ணுவோட மகள் பேசுறேன். வண்டி பழுதாயிருச்சு சிஸ்டர். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கே... ஆமா, சொன்னீங்க. இல்ல, தெரியும்... படுக்கைக்கு அடுத்த குடும்பம் கீழ காத்துக்கிட்டு இருக்காங்களா? அடுத்த படுக்கை எப்ப... நாலு மாசமா? நாலு மாசம் எப்படி சிஸ்டர்... சரி. பரவால்ல. குடுத்துருங்க.

— என்ன சொன்னாங்க?

— குடுத்தாச்சு.

— வைஷு...

— ஒண்ணும் பேசாத. அந்த டப்பாவை மூடி ஓரமா வை, ஆயில் சிந்தப் போகுது. எனக்கு இனிமே இந்த வீடுதான். அவ்வளவுதான்.

— நான் லீவு போடுறேன். ரெண்டு வாரம்.

— மூணாவது வாரம்?

— பாப்பா! ஏன் அழுற?

— ஒண்ணுமில்லப்பா. வெயில். கண்ணு கூசுது. எறங்குங்க, வீட்டுக்குப் போலாம். இன்னிக்கு வண்டி வராது.

— கூக்கூப் போகலயா?

— இன்னொரு நாள் போலாம்பா.

— பின்னால கிடக்கிற பையையும் எடுத்துக்க.

— எடுத்துக்கிறேன்.

— ஏழு கைலி, ஏழு பனியன் இருக்கு. புதன்கிழமை ராத்திரியே எண்ணிப் பாத்துட்டேன். ஒவ்வொண்ணுலயும் மார்க்கர்ல என் பேரு.

— அப்பா?

— எறால் சாப்பிடப் போறதுக்கு ஏழு கைலி எதுக்கு பாப்பா?

— அண்ணே... அண்ணே, வெளிய வா.

— இரு வைஷு, கடைசியா ஒரு தடவை சுத்தியால தட்டிப் பாத்துடுறேன்.

— டேய் ரஞ்சன், விட்டுருடா, கையைக் கிழிச்சுக்காத. வியாழக்கிழமையே அரம் போட்டு அதோட ஆறு மூலையையும் தேச்சுட்டேன். நீ கீழ் நட்டைத்தான் முதல்ல கழட்டுவேன்னு எனக்குத் தெரியும்.